மூன்று முடியும் ஒரு முட்டையும்

முடி கருகினால் ஏன் அப்படி நாறுகிறதென்று எனக்குத் தெரிந்தது வெகு காலம் கழித்துத்தான். பொரி கட்டி வந்த பாடப்புத்தகத் தாள் ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சிஸ்டைன் என்று ஒரு சத்தாம். அதில் கந்தகம் இருக்கிறதாம். முடியைக் கெட்டியாக நிறுத்துவது அதுதானாம். முட்டையில் அது நிறைய உண்டு என்று எழுதியிருந்தது. படித்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உலகச் சண்டைக் காலம். அரியலூரில் அரிசி கிடைக்காமல் பாதி நாள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிதான் சோறு. என் மகளுக்கு மூன்று வயது. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை இல்லாதவள். நாலு கோழி வளர்த்தாள். தினம் ஒரு முட்டை அவித்து என் மகளுக்கு ஊட்டுவாள். ஒருநாள் மகளின் தலையைத் தடவி, "முடியப் பாருங்கக்கா, காக்கா றெக்கை கணக்கா!" என்றாள். அன்று சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே. மிளகாயும் உப்பும் பிள்ளையின் முடி மூன்றும் சுற்றி அடுப்பில் போட்டேன். முடி கருகி நாறியது. மிளகாய் நெடி ஏறவில்லை. நெடி ஏறாவிட்டால் கண்ணேறுதான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"பெறாதவ கண்ணு பொல்லாதது. இனிமே எம்புள்ளையத் தொடாத!" தெருவே கேட்கக் கத்தினேன்.

"சரிங்கக்கா" என்றாள். அவ்வளவுதான்.

முட்டை நின்றது. சில மாதத்தில் மகளின் முடி செம்பட்டையாகி, வாரினால் கொத்தாக வந்தது. கால் வீங்கியது. அதற்கும் அவள் கண்ணைத்தான் வைதேன். கிழங்கிலுள்ள கொஞ்ச விஷத்தை முறிக்கவும் உடம்புக்கு அந்தக் கந்தகம்தான் வேண்டுமென்று அதே தாளில் இருந்தது. கிழங்கை ஊட்டியதும் நான், முட்டையைத் தடுத்ததும் நான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையின் காலை அமுக்கினார். குழி விழுந்தது, மேலே எழவில்லை. "முட்டை, பருப்பு குடும்மா. இல்லேன்னா பொழைக்காது" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் போய் நின்றேன்.

"கோழியெல்லாம் வித்துட்டேன்க்கா. யாருக்கு அவிக்கிறது?" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

மறுநாள் காலை சூட்டோடு முட்டை வந்தது. மகள் அவளிடம் தாவினாள். அவளோ முட்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"நீங்களே ஊட்டுங்கக்கா."

நீயே ஊட்டு என்று சொல்லாமல் நானே பிட்டு ஊட்டினேன். முடி மறுபடி கருகருவென்று வளர்ந்தது. அவள் கை அதைத் தொடவே இல்லை.