ராசமணி கரையேறிய ஞாயிறு

கிளென் ஈடனில் யாரைக் கேட்டாலும் இலையுதிர்காலத்துக்கென்று ஓர் இடம் வைத்திருப்பார்கள். சிலருக்கு அது கோர்ன்வோல் பூங்காவில் மஞ்சளாகும் மரங்கள். சிலருக்கு ஈஸ்டர் கண்காட்சியில் பிள்ளைகளோடு ஒரு ராட்டினச் சுற்று. புக்கெகோஹிப் பக்கம் காரை விட்டுத் தெருவோரத்தில் விற்கும் பூசணியையும் வெங்காயத்தையும் மூட்டையாக ஏற்றி வருகிறவர்களும் உண்டு. எங்கும் போகாதவர்களுக்கு வேலியோரத்தில் பீஜோவாப் பழம் கொட்டிக் கிடக்கும்.

ராசமணிக்கு இலையுதிர்காலம் என்றால் கடல். நிலம் குளிரத் தொடங்கிய பிறகும் கடல் தன் சூட்டைச் சில வாரங்கள் விடாமல் வைத்திருக்கும். பூமியின் இந்தத் தென்பாதியில் கோடையான ஜனவரியில் கரையை நிறைத்த கூட்டம் ஏப்ரலில் இருக்காது. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறன்று நீச்சல் சங்கம் ஒன்று கோஹிமரமாவிலிருந்து செயின்ட் ஹெலியர்ஸ் வரை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீந்த வைக்கும். கோடைக்கு விடைகொடுக்கும் நீச்சல் அது. பரிசு ஒன்றும் பெரிதாக இல்லை. நீந்தி முடித்தவர்கள் கடற்சுவரில் வரிசையாக உட்கார்ந்து சூப் குடிப்பார்கள்.

அந்தச் சுவரில் உட்கார வேண்டும் என்பதுதான் ராசமணியின் ஆசை. முந்தைய ஆண்டு அது கைநழுவிப் போனது.

அவர் மன்னார் பேசாலையில், கடலில் பிழைத்த வீட்டில் பிறந்தவர். ஆனால் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் ஒருவரும் முழங்காலுக்கு மேலே நனைந்தது கிடையாது. ஐம்பது வயது தாண்டும்வரை ராசமணிக்கு நீந்தத் தெரியாது. வயோதிபர் இல்லத்து வேலையில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முழங்கால் பழுதாகிப்போக, தண்ணீருக்குள் நடக்கச் சொல்லி டொக்டர் அனுப்பிவைத்தார். ஹெண்டர்சன் நீச்சல் தடாகத்தில் ஆழமில்லாத பக்கத்தில் சில மாதங்கள் நடந்தார். நடை அலுத்துவிட்டது. பக்கத்து வரிசையில் நீந்துகிறவர்களின் கையையும் தலையையும் உற்றுப் பார்த்து, அதேபோலச் செய்து பார்த்தார். கையும் காலும் வந்தன. மூச்சு வரவில்லை. எப்போது விடுவது, எப்போது எடுப்பது என்று யோசிக்கிற நேரத்தில் வாய்க்குள் தண்ணீர் போனது.

மூச்சைச் சீராக்கியது செபமாலை. மரியே வாழ்க செபத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையை வீசினால் கை அவசரப்படவில்லை, மூச்சும் தன் இடத்தில் வந்து விழுந்தது. மாலையின் மணிக்கு ஒன்றாகப் பத்து மணி செபிக்கும்போது தடாகத்தின் ஒரு நீளம், ஐம்பது மீட்டர், முடிந்தது. இது தற்செயலா என்று பார்க்கப் பல வாரங்கள் நீந்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பத்து மணிக்கு ஒரு நீளம்தான். சந்தோஷம், ஒளி, துக்கம், மகிமை என்று வகைக்கு ஐந்தாக நான்கு வகைத் தேவ இரகசியங்களையும், ஒவ்வொன்றுக்கும் பத்து மணி வீதம், சொல்லி முடித்தால் ஒரு கிலோமீட்டர். முழுச் செபமாலையையும் சொல்லக்கூடியவர் கோஹிமரமாவிலிருந்து செயின்ட் ஹெலியர்ஸுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டுத்தான் முந்தைய ஆண்டு பெயர் கொடுத்தார்.

சந்தோஷ இரகசியங்கள் கடலிலும் ஒழுங்காகவே முடிந்தன. ஒளியின் இரகசியங்களைத் தொடங்குமுன், பழக்கதோஷத்தில், மிதந்தபடி நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய்ச் சிலுவை அடையாளம் போட்டார். கடலில் கையைத் தூக்குவது உதவி கேட்பது. காவல் படகு உடனே வந்தது. இரண்டு வாலிபர்கள் அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே போட்டார்கள். வேண்டாம் என்று அவர் தமிழில் சொன்னது அவர்களுக்குப் பயத்தில் புலம்புவதுபோலக் கேட்டிருக்கிறது. கம்பளியால் சுற்றிவிட்டார்கள். படகில் ஏறியவர் திரும்ப இறங்கி நீந்த முடியாது.

வீட்டில் ஒருவரும் அவர் சொன்னதை நம்பவில்லை. களைத்துப்போய்விட்டார், ஒப்புக்கொள்ள வெட்கம் என்று மகள் துஷானி நினைத்தாள். கணவர் எமில் அதைச் சொல்லியே ஒரு வருடம் சிரித்தார்.

"உம்மட அப்பர் பிடிச்ச மீன்கூட இவ்வளவு லேசா வள்ளத்தில ஏறியிருக்காது" என்பார்.

"மீனுக்கு வாய் இல்லை. எனக்கு இருக்கு. கவனமாயிருங்கோ" என்பார் ராசமணி.

அந்த ஒரு வருடமும் விடாமல் நீந்தினார். செபமாலைக்கு நடுவில் கையைத் தூக்காமலே சிலுவை அடையாளம் போடலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டார். ஆண்டவருக்கு விளங்கும், படகுக்காரருக்குத்தான் விளங்காது, கையைக் கீழேயே வைத்திரும் என்று அவர் சொல்லிவிட்டார்.

இந்த முறை சனிக்கிழமை மாலையே பூசை கண்டுவிட்டு, ஞாயிறு காலை கோஹிமரமாவில் நின்றார். கிழக்கிலிருந்து காற்று, நேர் எதிராக. ரங்கிடோட்டோத் தீவு இடதுபக்கம் தெளிவாக நின்றது. செயின்ட் ஹெலியர்ஸுக்கு முன்னால் கடலில் ஒரு செம்மஞ்சள் மிதவை. நாற்பது நிமிடத்துக்குள் அதைத் தாண்டாதவர்களைப் படகில் ஏற்றிவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எமிலும் துஷானியும் முடிவுக் கரைக்குக் காரில் போனார்கள்.

முதல் இரண்டு வகை இரகசியங்களும் முடிந்தது தெரியவில்லை. மூன்றாவதில் அலை முகத்தில் அறையத் தொடங்கியது. கூட வந்தவர்களின் தொப்பிகள் முன்னால் சிறிதாகி மறைந்தன. ராசமணி அவசரப்படவில்லை. மணிக்கு மணி, கைக்குக் கை. மகிமையின் கடைசி இரகசியத்தின் கடைசி மணியைச் சொல்லி முடித்துத் தலையைத் தூக்கினார். கரை அங்கே இருந்திருக்க வேண்டும்.

கரை இல்லை. மிதவைகூட இன்னும் முன்னால்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மணிக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருடியிருந்தது.

கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் வந்தாள். ராசமணியின் உதடு அசைவதை வெகுநேரமாகக் கவனித்துக்கொண்டு வந்தவள் அவள். சுகமா, இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, படகைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். பின்னால் படகின் மோட்டார்ச் சத்தமும் கேட்டது. ராசமணியின் தோள் இரண்டும் எரிந்தன. கையைத் தூக்கினால் போதும். இந்த முறை அது பிழையாகவும் இருக்காது.

"நோ," என்றார். மூச்சு எடுத்துக்கொண்டு இன்னொரு முறையும் சொன்னார்.

செபமாலை முடிந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? மாதா பிரார்த்தனை. மாதாவின் பட்டப்பெயர் ஒவ்வொன்றையும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பார்கள். ராசமணி அதைத் தொடங்கினார். பட்டப்பெயருக்கு வலக்கை. வேண்டிக்கொள்ளும் என்பதற்கு இடக்கை.

மரியே வாழ்க செபத்தில் ஒரு மணிக்கே நிறையச் சொற்கள். அதற்குக் கை ஆறுதலாகத்தான் சுற்றும். பிரார்த்தனையோ துண்டு துண்டாக வரும். சொல்பவர் முடிக்குமுன் பதில் சொல்பவர்கள் முந்திக்கொள்வார்கள். ராசமணியின் கைகளும் அப்படியே ஒன்றையொன்று முந்தின. இவ்வளவு வேகமாக அவர் தடாகத்தில்கூட நீந்தியது கிடையாது. கயாக்காரி துடுப்பை இரண்டு தரம் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. மூச்சு தவறவில்லை. ஒரு பட்டப்பெயரும் தவறவில்லை. செம்மஞ்சளாக ஏதோ வலத்தோளை உரசிக்கொண்டு பின்னால் போனது. பின்னால் கேட்ட மோட்டார் நின்றது.

கால் மண்ணில் பட்டபோது எழுந்து நின்றார். விழப்பார்த்து, நிமிர்ந்தார். எமில் சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஓடி வந்து, கையைத் தாரும் என்றார்.

"விலகுங்கோ. ஒருத்தரும் என்னைத் தொடக்கூடாது."

எமில் விலகி நின்றார். சுவரில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். ராசமணிக்குப் பின்னால் கடலில் ஒருவரும் இல்லை, அவர்தான் கடைசி. ஒவ்வொரு அடியாக மணலில் வைத்து, முடிவுக் கோட்டைத் தாண்டினார்.

கயாக்காரி கயாக்கைக் கரைக்கு இழுத்துவிட்டு நேராக அவரிடம்தான் வந்தாள். கடைசியில் அப்படி என்ன சொன்னாய், திடீரென்று எஞ்சின் பூட்டினமாதிரிப் போனாயே, எனக்கும் சொல்லித் தா என்று கேட்டாள். துஷானி அதைத் தமிழில் அம்மாவிடம் கேட்டாள்.

ராசமணி சுவரில் ஏறி, இரண்டு பேருக்கு நடுவில் நன்றாக இடம்பிடித்து உட்கார்ந்தார். துஷானி நீட்டிய சூப் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"அது நீளமான செபம், பாதிகூட முடியேல்லை, அதுக்குள்ள கரை வந்திட்டுதெண்டு சொல்லு."