எங்க வூட்டு கங்காணி

திரிங்காப் என்ற மலையூரில் எனக்கு இன்று சொந்தக் காய்கறித் தோட்டம் இருக்கிறது, சொந்த லாரி இருக்கிறது. அதையெல்லாம் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு சம்பாதித்தேன். ஆனால் நான் பெருமைப்படுவது தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த காலத்தை நினைத்துத்தான்.

விடியற்காலை ஆறு மணிக்குப் பனியில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். கணக்கெழுதும் கிராணிக்கு நோட்டு வேண்டும். எனக்கு வேண்டாம். நாற்பத்திரண்டு பேரையும் வரிசை மாறாமல் மனப்பாடமாகக் கூப்பிடுவேன். எழுபதுகளில் அந்த மலையில் என்னுடையதைப்போலச் சுத்தமான பெரட்டு கிடையாது. பேர் முடிந்த பிறகு வந்தவர் யாராக இருந்தாலும் "வூட்டுக்குப் போ" தான். மூன்று நாள் அப்படித் திரும்பினால் பேரை வெட்டிவிடுவோம். வேலை போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் இரண்டு வயது மகளுக்கு இளைப்பு வந்தது. காலையிலும் மாலையிலும் ஆவி காட்டச் சொன்னார்கள் தானா ராத்தா ஆஸ்பத்திரியில். என் மனைவியும் என் பெரட்டில் கொழுந்து பறிப்பவள்தான். ஆவி காட்டி, பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டு அவள் ஓடி வருவதற்குள் நான் பேர் கூப்பிட்டு முடித்திருப்பேன். இரண்டு நாள் அவளைத் திருப்பி அனுப்பினேன். கங்காணி வீட்டுக்கு ஒரு சட்டம், மற்ற லயத்து வீடுகளுக்கு ஒரு சட்டமா என்று எவனும் கேட்டுவிடக் கூடாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் சண்டை போடவில்லை.

"நாளைக்கும் லேட்டானா என் பேர வெட்டிருவீங்க. அதனால நாளைக்கு நீங்க ஆவி காட்டிட்டு வாங்க. நான் முன்னால போறேன்."

"இதெல்லாம் ஒரு வேலையா லா? பத்து நிமிசம்."

காலையில் விறகு ஈரம், பற்றவே இல்லை. தண்ணீர் ஒருவழியாகக் கொதித்தபோது மகள் போர்வைக்குள் வர மாட்டேன் என்று கத்தினாள். வந்தவள் என் காக்கிச் சட்டைமேல் கஞ்சியைக் கக்கினாள். ஆயா கொட்டகைக்குப் போக நேரமில்லை. துண்டால் அவளை முதுகோடு கட்டிக்கொண்டு ஓடினேன்.

பெரட்டுக் களத்துக்கு வரும் வளைவிலேயே குரல் கேட்டது. என் மனைவி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்! நான் வீட்டில் தினமும் சொல்லிப் பார்க்கும் அதே வரிசை, அதே இழுப்பு. நாற்பத்திரண்டும் முடிந்தது. புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள் அல்லவா?

"எங்க வூட்டு கங்காணி!" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். பிறகு, "பேரு முடிஞ்சிருச்சு" என்றாள்.

அப்போதுதான் நான் களத்தில் கால் வைத்தேன்.

"வூட்டுக்குப் போங்க கங்காணி!" என்றாள் கூடைக்காரி ஒருத்தி. களமே சிரித்தது.

தோட்டத்துத் துரை ஜீப்பில் சாய்ந்து நின்றார்; நான் வராததால் அவளைப் பேர் கூப்பிடச் சொன்னவர் அவர்தான். "ஏன் லேட்டு?"

மேல்மலையில் மண் சரிந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். முதுகில் மகள் இளைத்தாள். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். சொன்ன வேகத்திலேயே கேட்டும் விட்டேன்.

"கைப்பிள்ளக்காரங்க எட்டு மணிக்கு வரட்டும் துரை. அவங்க வரிசைய முடிச்சிட்டுத்தான் போவாங்க. கொழுந்து கொறையாது."

"கொறஞ்சா?"

"என் கங்காணி வேலைய எடுத்துக்குங்க. புல்லு வெட்டப் போறேன்."

"ஒரு மாசம் பாப்போம்" என்றார்.

குறையவில்லை. எட்டு மணிக் கொழுந்தில் பனி ஈரம் இல்லாததால், நிறுவையில் ஈரத்துக்கென்று கழிப்பதும் நின்றது. இது எனக்கு முன்னமே தெரியும் என்று எல்லாரிடமும் சொன்னேன். இன்றும் என் தோட்டத்துப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வருகிறார்கள். லாரி புறப்படுவதற்குள் வேலை முடிந்தால் போதும்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஆவி காட்டுவது என் பொறுப்பு. அந்த இரண்டு நாளும் பெரட்டு அவளுடையது. ஒரு பேர்கூட வரிசை மாறியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசியில், "எங்க வூட்டு கங்காணி!" என்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் முடிப்பாளாம்.

அந்நேரம் நான் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன்.