ஷாக்கம்மாவின் எறும்பு

எங்கள் ஆஸ்பத்திரியின் நரம்புச் சோதனை அறையில் கட்டிலில் படுக்கிற எல்லோருக்கும், ஷாக் வைத்துச் சோதிக்கிற டெக்னீஷியன் ஷாக்கம்மா ஒரே பொய்யைத்தான் சொல்வார்: "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." அடுத்த நொடி உள்ளே கேட்கிற அலறலில், வாசலில் நான் டோக்கன் கொடுத்து உட்காரவைத்த வரிசையில் இரண்டு பேராவது நைசாக நழுவிவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக இதே எறும்புதான்.

மணிக்கட்டில் மின்சாரத்தைச் சுள்ளென்று வைப்பார். நரம்பு அந்தச் சேதியைக் கட்டைவிரல் சதைக்கு எத்தனை மில்லிசெகண்டில் கொண்டுசேர்க்கிறது என்று திரை காட்டும். நாலுக்குள் வந்தால் நல்ல நரம்பு. தாண்டினால் வழியில் நசுங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் கொதிக்கிற கெட்டிலைத் தொட்டுவிட்டுக் கையை உதறினேன். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பாடம் எடுத்தார். "கைய இழுக்கச் சொன்னது உங்க மூளைன்னு நெனச்சீங்களா? முதுகுத்தண்டே உத்தரவு போட்டுடும். மூளைக்கு அப்புறமாத்தான் விஷயம் போகும். வீட்டுல நடக்கிறது என் வீட்டுக்காரருக்குத் தெரியற மாதிரி."

அந்த வீட்டுக்காரருக்கு எட்டு மாதமாக ஒரு விஷயம் தெரியாது. ஷாக்கம்மாவின் வலது கை மரத்துப்போய்க்கொண்டிருந்தது. வீட்டில் டம்ளர் விழுந்தால் சோப்பு வழுக்கிவிட்டதாம். இங்கே சோதனைக்குத் தோலில் தடவுகிற ஜெல்லி டப்பா விழுந்தால் நான் மூடியைச் சரியாக மூடவில்லையாம். நான் அந்த அறைக்குள் போவதே டீ கொடுக்கத்தான்.

கட்டைவிரலிலிருந்து மோதிர விரலில் பாதி வரை மரத்தால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று எனக்கே தெரியும். அவர் சொல்லித்தான் தெரியும். தாமதமாக வருகிறவர்களை வறுத்தெடுப்பார். "சதை கரைஞ்சுபோனா திரும்ப வராது. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்.

போன செவ்வாய், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது அவர் கையிலிருந்து பேனா மூன்று முறை நழுவியது. நான் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

"அக்கா, உங்க கைக்கும் ஒரு தடவ வெச்சுப் பாருங்க."

"உங்களுக்கு வேற வேல இல்லையா?"

"இல்ல. டோக்கன் தீந்துடுச்சு."

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். இடது கையால் வலது மணிக்கட்டில் ஷாக்கை வைத்தார். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து அறை நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"எறும்பாக்கா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. திரையில் ஆறரை என்று இருந்தது.

"கை சில்லுன்னு இருக்கு. குளிர்ந்த கையில சேதி மெதுவாத்தான் போகும்" என்றார். அது நிஜம்தான். மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே வெந்நீரில் கையை வைத்தார். ஐந்து நிமிஷம் போதும். பத்து நிமிஷமாகியும், கை சிவந்த பிறகும் அவர் எடுக்கவில்லை.

துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அதே ஆறரை.

"இந்தக் கை போயிடுச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றார்.

பேர் போடாமல் ரிப்போர்ட்டை எடுத்தார். நான்தான் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தேன். ஷாக்கம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

டாக்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "யாருய்யா இது? இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தாங்க? நம்ம ஷாக்கம்மாகிட்ட அனுப்புங்க, நல்லா நாலு வாங்கட்டும்."

ஷாக்கம்மா முன்னால் வந்து வலது கையை மேஜைமேல் வைத்தார். "வாங்கிக்கறேன் சார். நான்தான் அது."

டாக்டர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரல் மேட்டை அமுக்கிப் பார்த்தார். "சதை இளைச்சிருக்கு. ஆனா போயிடல. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணிட்டா கை தப்பிச்சுடும். மரத்துப்போக ஒரு ஊசி போடுவோம். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"பொய் சொல்லாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஷாக்கம்மா எங்கள் இரண்டு பேர் முன்னாலும் உட்கார்ந்து அழுதார்.