கப்பலில் வந்த சிப்பி

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தேன். ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரன், ஐஸில் வைத்த சிப்பிகளைக் கொடுத்தான். கஸ்டம்ஸ்காரர்கள் கண்ணில் படாமல் சாப்பாட்டுத் தூக்கில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவி அந்தோணியம்மாள் உலை வைக்கத்தான் போனாள். “ஏளா, இது சீமைச் சரக்கு. வெந்தா ருசி போயிரும்” என்று தடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சையாகவே தின்ன வைத்தேன்.

ஒரு மாதத்தில் இருவருக்கும் மஞ்சள் காமாலை வந்தது. எனக்கு இறங்கியது, அவளுக்கு ஏறிக்கொண்டே போனது. “என்ன சாப்பிட்டீங்க?” என்று டாக்டர் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை போய்விடுமே என்று அவள்தான் முந்திக்கொண்டாள். “கிணத்துத் தண்ணிதான் குடிச்சோம், டாக்டர்.”

டாக்டர் அதையே எழுதினார். பத்தாம் நாள் அவள் இறந்துபோனாள்.

கெட்ட சிப்பியால்தான் காமாலை வந்தது, கப்பல்காரர்கள் மேல் வழக்குப் போட வேண்டும் என்று வக்கீலிடம் ஓடினேன். அவர் டாக்டர் சீட்டைப் படித்தார்.

“கிணத்துத் தண்ணின்னுல்லா எழுதியிருக்கு. சிப்பிதான்னா, அது உம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கோர்ட்டுல சொல்லுவீரா?”

அவள் பொய்யை உடைக்க என் ஒரு வார்த்தை போதும். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதே வேலையில் இருந்துதான் ஓய்வு பெற்றேன்.