கேள்வி முடிவதற்குள்

கல்லூரியில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், சக ஆசிரியர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், வினாடி வினா நடத்துகிற கூட்டம் மைக்கிலேயே சொன்னது. அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. அறைக் கதவில் 'வேதியியல் விரிவுரையாளர்' என்று எழுதியிருப்பதைவிட இந்தப் பட்டம்தான் தனக்குப் பொருத்தம் என்றுகூட நினைத்தாள். முந்துகிறவளைத்தானே அப்படிச் சொல்வார்கள்? பின்னால் வருகிறவர்கள் வயிறெரிந்து சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவள் முந்துவதில் வித்தை இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "மூன்று இதயங்களும்..." என்று கேட்பவர் வாயெடுத்தால் போதும், பஸ்ஸர் அலறும், "ஆக்டோபஸ்" என்பாள். "ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில்..." என்றால் "ஏழு எலும்பு, மனுஷனுக்கும் அதே ஏழுதான்" என்று கேட்காத உபரியையும் சேர்த்துக் கொடுப்பாள். "ஒரு நாள் என்பது ஒரு வருடத்தைவிட..." வெள்ளிக் கிரகம். அடுத்தது? வினாடி வினாக்காரர்கள் எல்லோரும் ஒரே குட்டையில்தான் கேள்வி பிடிக்கிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. கேள்வியின் தலையைப் பார்த்தாலே உடம்பு தெரிந்துவிடும், முழுசாகக் கேட்பதெல்லாம் மந்தமானவர்களின் வேலை என்று சொல்லித் திரிவாள்.

இந்தப் பழக்கம் கல்லூரியில் வந்ததில்லை, வீட்டில் வந்தது. அப்பாவுக்குத் திக்குவாய். பட்டறையில் லேத் ஓட்டியவர். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை, அவருக்கு அதுவே சொர்க்கம். கடைக்குப் போனால்தான் நரகம். "அ... அ..." என்று அவர் நிற்க, கடைக்காரன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவான். பக்கத்தில் பாவாடையோடு நிற்கிற மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அரை கிலோ சர்க்கரை!" என்று கத்துவாள். அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுப்பார். அன்றைக்குப் பிடித்த பிசாசு அது. பிறகு யார் பேச வந்தாலும் அவர் வாக்கியத்தின் பின்பாதி தன்னுடையது என்றே அவள் நடந்துகொண்டாள். கணவன் ஒருநாள் "நாம ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்ததுமே "பிரிஞ்சுக்கலாம், அதானே? சரி" என்று முடித்துவிட்டாள். அந்த விடை சரியாகவே இருந்தது, இரண்டு பேரும் பிரிந்தார்கள்.

அம்மா போன பிறகு அப்பா அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதைத் தம்பியால் ஜீரணிக்க முடியவில்லை. அவன் வந்தபோதெல்லாம் அக்காவும் தம்பியும் கீரியும் பாம்புமாக நின்றார்கள். "அவரை என்கூட அனுப்பு" என்பான் அவன். "அவருக்கு இங்கதான் பிடிச்சிருக்கு" என்பாள் இவள். கடைசியாகப் போன மாதம் வாசலில் நின்று, "அடுத்த தடவை வரும்போது உன் பதில் எனக்கு வேணாம். அவரே சொல்லட்டும். அவர் வாயால சொன்னா நான் வாயை மூடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த அடுத்த தடவை இந்த ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளோடு பேசுவதற்கு ஃபிரிட்ஜின் முனகல்தான் மிஞ்சும். அந்தப் பயம் அவளுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் பயந்தவளாகக் காட்டிக்கொண்டால் அவள் முந்திரிக்கொட்டை ஆவாளா?

அதே ஞாயிறு மதியம் கல்லூரி அரங்கில் பொது வினாடி வினா. மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், ஆசிரியர்கள் என்று யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்தாள். கேள்வி கேட்கிறவர் ஊரறிந்த மருந்துக்கடைக்காரர். ஒரு காலத்தில் இதே கல்லூரியில் படித்தபோது அவளோடு ஒரே அணியில் இருந்தவர். ஓர் இறுதிச் சுற்றில் அவர் சரியான விடையைச் சொல்ல வாயெடுக்கும்போது, இவள் குறுக்கே விழுந்து தப்பான விடையைச் சொல்லி, கோப்பை கை நழுவிப் போனது. மேடையில் முதலில் சொன்ன விடைதான் செல்லும், அதுதான் விதி. அன்றிலிருந்து இருவரும் ஜென்மப் பகை. அவர் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டே அவளுக்காகக் கேள்விகளைத் தீட்டிவைக்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை அவரும் மறுத்ததில்லை.

"மேடம் ரெடியா? இல்ல, நான் மைக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். அரங்கம் சிரித்தது.

"கேள்வில சரக்கு இருந்தா கேளுங்க. இருமல் மருந்து விக்கிற குரல்ல இழுக்காதீங்க," என்றாள் அவள். இப்போதும் அரங்கம் சிரித்தது. பையன்களுக்கு யார் அடிபட்டாலும் கொண்டாட்டம்தான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விலங்கியல்காரர் பரம சாது. இருவர் இல்லாமல் அணி இல்லை என்பதற்காக மட்டும் அழைத்து வரப்பட்டவர். பஸ்ஸரை அவர் தொட்டதே கிடையாது. சுற்றுக்குச் சுற்று அவள் அடித்து நொறுக்கினாள். எதிர் மேசையில் இருந்த இறுதியாண்டுப் பிள்ளைகள் கேள்வியை முழுசாகக் கேட்டு, ஒருவரையொருவர் பார்த்து, குசுகுசுவென்று பேசி, அப்புறம் பஸ்ஸரை அழுத்தினார்கள். பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் விடாமல் தொற்றிக்கொண்டே வந்து கடைசிக் கேள்வியில் அவளோடு சமமாக நின்றார்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும். இந்தக் கேள்வியை யார் எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சாதாரண அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும்..."

அவளுக்கு அவமானமாகவே இருந்தது. இறுதிக் கேள்வியா இது? பள்ளிக்கூடப் பிள்ளை தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுமே! ஒரு வேதியியல் விரிவுரையாளரைப் பார்த்து இதைக் கேட்க இந்த ஆளுக்கு என்ன திமிர்? விலங்கியல்காரர் அவள் முழங்கையைத் தொட்டு "இருங்க மேடம்" என்றார். அந்த வார்த்தையே அவளுக்கு ஆகாது. அடித்தாள்.

"பாதரசம்."

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் காத்திருந்தவருக்கு என்ன அவசரம்? "கேள்வியை முழுசா படிச்சிடறேன்," என்றார் நிதானமாக. "சாதாரண அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும், உலோகமல்லாத தனிமம் எது?"

புரோமின். அவள் வகுப்பில் கரும்பலகையில் வருடா வருடம் எழுதிப்போடுகிற புரோமின். பாதரசத்தையும் புரோமினையும் குழப்பாதீர்கள் என்று அவளே மாணவர்களைக் கரித்துக் கொட்டுகிற புரோமின். எதிர் மேசைப் பிள்ளைகள் குசுகுசுக்கக்கூட இல்லை, ஒரே குரலில் சொன்னார்கள். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அவளுக்கு இன்னொரு சத்தம் கேட்டது. முன்வரிசையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, வாய் விட்டு. அவளுக்குத் தெரிந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. மருந்துக்கடைக்காரர் ஜெயித்ததைவிட அதுதான் அவளைச் சுட்டது.

வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாசலில் தம்பி உட்கார்ந்திருந்தான், காலி சூட்கேஸோடு. அப்பாவின் துணிமணியை அள்ளிப்போட்டுக்கொண்டு போகவே வந்திருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளுக்கு இரண்டாவது தீயும் மூண்டது.

"என்ன, கோப்பை எங்க?" என்றான்.

"உன் பொட்டியத் திறந்து பாரு, அதுலதான் இருக்கும்."

கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. முதலில் அப்பா பக்கம்தான் திரும்பினாள். "ஏன் சிரிச்சீங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். "நா... நா..."

"நான் தோத்ததுக்கா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"அந்த மருந்துக்கடைக்காரன் மூஞ்சியப் பார்த்தா?"

அதுவும் இல்லை.

"பின்ன, என்னை எல்லாரும் கேலி பண்ணது உங்களுக்கு..."

"ஏன்க்கா, அவர்தான் ஏதோ சொல்ல வர்றாரே, உனக்குக் காது கேக்காதா?" தம்பி எழுந்தே விட்டான். "அங்க மேடையில போடற ஆட்டத்தையே இங்கயும் போடறியே! சரி, அது கிடக்கட்டும். நான் கேக்க வந்தத கேட்டுடறேன். அப்பா, நீங்க என்கூட வர்றீங்களா, இல்ல இங்கயே இருக்கீங்களா? உங்க இஷ்டம். நீங்க சொல்லுங்க."

அப்பா இருவரையும் பார்த்தார். கை வேட்டியின் முனையைத் திருகிக்கொண்டிருந்தது. "எ... எனக்கு... இ... இங்க..."

"இங்கயே இருக்கேங்கறார்," என்றாள் அவள். "கேட்டுச்சா? கிளம்பு."

"அவர் இன்னும் முடிக்கலை!"

"எனக்குத் தெரியும்டா! அவர் மனசுல இருக்கிறது எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? சின்ன வயசுலேர்ந்து அவருக்காகப் பேசினது நான். கடைக்காரன் சிரிச்சப்போ நீ எங்க இருந்த? தொட்டில்ல இருந்த. வந்துட்டான் பெருசா." அவள் குரல் உடைந்தது, அதை மறைக்க இன்னும் கத்தினாள். "உன் வீட்டுக்கு வந்து உன் பொண்டாட்டிகிட்டயும் உன் பிள்ளைங்ககிட்டயும் ஒவ்வொரு வார்த்தைக்கும் தவிச்சுக்கிட்டு நிக்கணுமா அவரு? இங்க வந்த நாள்லேர்ந்து அவருக்குத் திக்கறதே இல்ல தெரியுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் திக்கினாரான்னு கேளு!"

தம்பி அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுக மூடிக்கொண்டது. வார்த்தை எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது. அதை இழுத்துப் போட அவள் வாய் துறுதுறுத்தது. ஆனால் இந்த ஒரு தடவை, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் மட்டும்தான் சும்மா இருந்தாள்.

"தி... தி... திக்கறதுக்கு," என்றார் அப்பா, "நீ... எங்க... வி... விட்ட?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, யாரும் குறுக்கே வராத அந்த இடைவெளியில் மெதுவாக, இடறி இடறி, மிச்சத்தையும் சொன்னார். "அவன்... வீ... வீட்டுல... நான்... திக்கிக்கிறேன்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை செய்தவளுக்கு இதுவா பதில்? திட்ட வேண்டும் போலிருந்தது, காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சுவரை வெறித்தாள். உள்ளறையில் தம்பி அலமாரியைத் திறப்பதும், சட்டைகளை மடிக்காமல் பெட்டிக்குள் திணிப்பதும் கேட்டது. "மடிச்சு வைடா, கசங்கும்" என்று கத்தினாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. தம்பி பெட்டியோடு முன்னால் இறங்கிப் போனான். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார், திரும்பினார். அவள் கையைப் பிடித்தார். லேத்தில் காய்ப்பேறிய உள்ளங்கை, இன்னும் அப்படியேதான் இருந்தது. அவர் உதடு குவிந்தது.

"நீ... நீ..."

அவள் பொறுத்துப் பார்த்தாள். உண்மையிலேயே பொறுத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்ஸிக்காரன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தான், கீழேயிருந்து தம்பி "அப்பா!" என்று கூப்பிட்டான். அப்பாவின் கண் தவிப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"நீ வருத்தப்படாதன்னுதானேப்பா?"

அவர் உதடு நின்றது. பிறகு கையை விட்டார்.

"இல்ல," என்றார். அது திக்காமல் வந்தது.

"அப்போ வேற என்னப்பா? சொல்லுங்க, நான் பேசலை. சத்தியமா பேசலை."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். தம்பி கார்க் கதவைத் திறந்துவிட்டான். டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்று, என்ன சொல்ல வந்திருப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லை.