கண் மூடின படம் செல்லாது

என் அக்கா ஜெய்னபைக் கட்டிய அப்துல் ஹக் மச்சானோடு ஒரு நாள் முழுக்க வெளியே போய்வர அசாத்தியப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. இருந்தும் 1964 மார்கழியில், சிதம்பரத்து இசைவிழாவுக்கு அவருடைய கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா சொன்னால் தட்ட முடியாது.

மஞ்சக்குப்பத்தில் அவருக்கு ஸ்டூடியோ. பரங்கிப்பேட்டையிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் அவரிடம்தான் பாஸ்போர்ட் படம் எடுப்பார்கள். இரண்டு காதும் தெரிய வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். யாராவது இமைத்துவிட்டால், கப்பலுக்கு நேரமாகிறது என்று கெஞ்சினாலும் விடமாட்டார். மறுபடி உட்கார வைப்பார். "கண்ணு மூடுன படம் செல்லாது" என்பார். இப்படிப்பட்ட ஆளைக் கச்சேரி படம் எடுக்கக் கூப்பிட்டார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

காலையில் நாகஸ்வரம். வாசிப்பவருடைய கன்னம் உப்பாமல் மச்சானுக்குப் படம் வேண்டுமாம். அடுத்து வீணை. அந்த அம்மாளின் இடது காது தெரியவில்லை என்று மச்சான் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சபையே வீணையை விட்டுவிட்டு இவரைப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

விழாச் செயலாளர் சிற்றம்பலம் இன்னொரு தலைவலி. யார் பாடி முடித்தாலும் ரைஸ்மில் முதலாளி மேடையேறிப் பொன்னாடை போர்த்துவார். "பாய், எடுங்க, எடுங்க!" என்று சிற்றம்பலம் கத்துவார். ஒரு தடவை ஃபிளாஷ் மின்னினால் ஒரு பல்பு தீர்ந்தது. கொண்டுபோன பல்பில் பாதி அந்த முதலாளியின் பல்லுக்கே போனது.

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு அம்மாள் எங்களைத் தேடி வந்தார். பெயர் விருத்தாம்பாள்.

"பாய், சாயங்காலம் எம்பொண்ணு தையல்நாயகி பாடறா. பின்னால தம்புரா நான்தான். அவ பாடறப்ப கண்ணு தெறந்திருக்கற மாதிரி ஒரு படம் வேணும். பாட ஒக்காந்தா கண்ண மூடிக்குவா."

"பாடறதுக்கு முன்னாலயே எடுத்துடலாமேம்மா" என்றேன் நான்.

"சும்மா ஒக்காந்த படம் எதுக்குப்பா? தை மாசம் கல்யாணம். மேடை ஏறக் கூடாதுன்னுட்டாங்க மாப்பிள்ளை வூட்டுல. இதான் அவளுக்குக் கடைசி கச்சேரி. வூட்டுல அவ அப்பா படம் ஒண்ணு இருக்கு. உசுரு போனப்புறம் நாக்காலில சாச்சி வச்சி எடுத்தது. அது பக்கத்துல இவளையும் கண்ணு மூடுன படமா மாட்ட மனசு வரல பாய்."

மச்சான் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தெறந்த கண்ணாதாம்மா எடுப்பேன்" என்று வாக்குக் கொடுத்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் தையல்நாயகி உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள், அவ்வளவுதான். ஒரு கீர்த்தனை முடிந்தது, இரண்டு முடிந்தது. மச்சான் ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தி, கையில் விசையைப் பிடித்தபடி நின்றார். மிச்சம் ஒரே ஒரு பல்பு. "அது பொன்னாடைக்கு பாய்!" என்று சிற்றம்பலம் காதில் வந்து சீறினார். மச்சான் திரும்பவே இல்லை.

அப்போது கரண்ட் போயிற்று. விளக்கும் மைக்கும் ஒன்றாகச் செத்தன. கும்மிருட்டில் அந்தப் பெண்ணின் குரல் மட்டும், சின்னதாக, நிற்காமல் வந்தது. பளீரென்று ஒரு மின்னல். கூட்டம் அலறியது.

"இருட்டுல எதைய எடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"மைக்கு திடீர்னு நின்னா யாரா இருந்தாலும் கண்ணத் தெறந்து பாப்பாங்க யூசுப்பு."

படம் கழுவிப் பார்த்தால், தையல்நாயகி பாடுகிறாள், கண் இரண்டும் அகல விரிந்திருக்கின்றன. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. சிதம்பரத்துக்குத் தபாலில் அனுப்பியாயிற்று. ஆனால் மச்சான் நகலை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். பின்னால் தம்புராவோடு விருத்தாம்பாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அவுங்களுக்கும் அதான கடைசி கச்சேரி?" என்றார்.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் மறுபடி சிதம்பரம், மறுபடி என் தோளில் ஸ்டாண்டு. வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். கல்யாணம் முடிந்து பெண் போய்விட்டிருந்தாள். சுவரில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் எங்கள் படம் மாட்டியிருந்தது. மச்சான் தம்புராவை எடுக்கச் சொன்னார். அந்த அம்மாள் பழக்கத்தில் முன்னால் மகளுக்கு ஒரு பாயை விரித்துவிட்டு, அதன் பின்னால் உட்கார்ந்து மீட்டினார். கண் தானாக மூடிக்கொண்டது.

"எடுங்க மச்சான், பஸ்ஸு போயிடும்."

"தெறப்பாங்க."

திறந்தார். முன்னாலிருந்த வெறும் பாயைப் பார்த்தார். விரல் நின்றுவிட்டது. மச்சான் விசையை அழுத்தவில்லை. கேமராவை மூடினார்.

"கண்ணுதான் தெறந்துச்சே, ஏன் எடுக்கல?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"அதப் போயி படமா மாட்டச் சொல்றியா?"

அந்த மாப்பிள்ளை வீட்டை நினைத்ததும் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அது மச்சான் மேல் வரவில்லை.