அக்கா என்னிடம் விட்டுப்போன புதன்கிழமைகள்

அக்காவின் மகளைத் தொலைத்தவன் நான். உறவினர் பலருக்கு இது தெரியாது, அக்காவின் இந்த நினைவு மலரில் அச்சிலேயே தெரிந்துகொள்ளட்டும். குழந்தை வாசலைத் தாண்டிய நேரத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்வது எப்படி என்ற புத்தகத்தில் நான் ஆழ்ந்திருந்தேன் என்பது கூடுதல் வெட்கம்.

ஜீயபுரத்தில் பிறந்த அக்கா, பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தார். யாழினிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராதபோது வேலையை விட்டுவிட்டு, திருவானைக்காவலில் பயிற்சி மையத்துக்குப் பக்கத்தில் வீடு பிடித்தார். அத்தான் வெளிநாட்டில். உறவுகள் பரிகாரம் சொன்னார்கள். நான் புத்தகம் கொடுத்தேன். குழந்தையோடு ஒரு மணி நேரம் இருக்க யாரும் வரவில்லை. இரண்டு மாதம் பல்வலியைப் பொறுத்த அக்கா, ஒரு புதன்கிழமை வேறு வழியின்றி என்னை உட்காரவைத்துவிட்டுப் பல் டாக்டரிடம் போனார்.

அரை மணியில் போன் செய்தேன். "அக்கா, யாழினியைக் காணோம்."

டாக்டரின் நாற்காலியிலிருந்து அவர் எழும் சத்தம். பிறகு, "பேரைச் சொல்லிக் கத்தாத. திரும்ப மாட்டா. தண்ணி இருக்கிற இடமாப் பாருடா."

ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் வாய்க்கால். எங்கே என்று பார்ப்பது? நான் தெருவில் இறங்கி விழித்துக்கொண்டிருந்தபோதே நான்கு பெண்கள் ஓடி வந்தார்கள். மையத்தின் வராந்தாவில் அக்காவோடு காத்திருந்து பழகிய அம்மாக்கள். அக்கா அவர்களையும் கூப்பிட்டிருந்தார். ஒருவர் இடுப்பில் தன் குழந்தையோடு வாய்க்காலுக்கு ஓடினார், இருவர் ஆற்றுப்பக்கம். "எப்படி விட்டீங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

நான்காமவரான நஸ்ரீன் மட்டும் தெருமுனையில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே நான். மூடாத தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் யாழினி உட்கார்ந்து, காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். ஆழமான தொட்டி. நான் வாயைத் திறந்தேன்.

"சத்தம் போடாதீங்கண்ணே!"

நஸ்ரீன் மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் தண்ணீரில் காலை விட்டு ஆட்டினார். யாழினி அந்தக் காலையே பார்த்தாள். முன்னால் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். அப்போதுதான் நஸ்ரீனின் கை அவள் இடுப்பைச் சுற்றியது.

அக்கா மரத்துப்போன கன்னத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். திட்டவில்லை. அடுத்த புதன்கிழமையும் குழந்தையை என்னிடமே விட்டுப்போனார். அப்படியே ஒன்பது ஆண்டுகள். அவர் என்மேல் வைத்த நம்பிக்கை என்னை ஓரளவு மனிதனாக்கியது. புற்றுநோயோடு படுத்திருந்த கடைசி வாரத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான்: "புதன்கிழமை யார்டா அவகூட?"

காரியங்களில் உடனிருந்த எல்லோரையும் வணங்குகிறோம். அக்கா போன பிறகும் முறைவைத்து யாழினியோடு இருந்துவரும் அந்த நான்கு அம்மாக்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை நஸ்ரீனுக்குப் படித்துக் காட்டினேன். நம்பிக்கை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"நம்பிக்கையா? 'என்ன பண்றது நஸ்ரீன், கூப்பிட்டா வர்ற சொந்தம் இவன் ஒருத்தன்தான் இருக்கான்'னுல்ல அக்கா சொன்னாங்க!"